1,800 வெள்ளிக்குப் பல் கம்பி: நாங்கள் ஏமாந்தது போதும்

கை இன்னும் நடுங்குகிறது. நேற்றுத்தான் ஈப்போவில் மகளின் பல் கம்பியைக் கழற்றிவிட்டு வந்தோம். மலேசியாவில், நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள், பிள்ளைக்குக் கம்பி போட நினைத்தால் முதலில் இதைப் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

மகள் படிவம் 4. மேல்வரிசைப் பல் கொஞ்சம் எடுப்பு. அரசாங்கக் கிளினிக்கில் காத்திருக்கச் சொன்னார்கள், தனியாரில் 6,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். வீட்டுக்காரர் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார், 6,000க்கு எங்கே போவது? அப்போதுதான் 1,800 வெள்ளி என்று கைப்பேசியில் விளம்பரம் வந்தது. டவுனில் புருவம் எடுத்து, நகத்துக்குச் சாயம் போடுகிற கடை. பேரை எழுதவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது.

எப்படி நம்பினாய் என்று என் அக்காவே கேட்டாள். கடைக்காரப் பெண் தமிழ்தான். உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்தாள். எந்தத் தோட்டம் என்று கேட்டாள். சொன்னதும், "அட, எங்க பாட்டி அங்கதான் பால் மரம் வெட்டினாங்க அக்கா" என்றாள். அங்கேயே விழுந்துவிட்டேன். கையுறை, முகக்கவசம் எல்லாம் போட்டிருந்தாள், அவள் பல்லிலும் கம்பி. கம்பியில் மாட்டுகிற ரப்பர் வளையங்களை நிறம் நிறமாக நீட்டினாள், பிள்ளை ஊதாவைத் தொட்டாள். தீபாவளிக்குச் சேர்த்த 1,800 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை.

எக்ஸ்ரே இல்லை. சொத்தை இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. பல்லில் பசை தடவி, நகத்து ஜெல்லைக் காயவைக்கிற அதே சின்ன விளக்கைப் பிடித்தாள். கண்ணால் பார்த்தும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதுதான் இப்போது தொண்டையில் நிற்கிறது.

மூன்றாம் வாரம் நாசி லெமாக் சாப்பிடும்போது நெத்திலியைக் கடித்தாள், பல்லில் ஒட்டி கம்பியைப் பிடிக்கிற பிராக்கெட் இரண்டு கழன்று சோற்றில் விழுந்தன. கம்பி முனை கன்னத்தைக் கிழித்தது. ஈறு வீங்கி, பல் துலக்கினாலே ரத்தம். வாட்சப்பில் கேட்டேன். "ஆரம்பத்துல அப்படித்தான் அக்கா." அப்புறம், "கெட்டியா எதையாவது கடிச்சிருப்பா." அப்புறம், "கேஎல்ல இருக்கேன், வந்து பார்க்கிறேன்." அப்புறம் நீல டிக் மட்டும். நேரில் போனால் கடை பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து முடிதிருத்தக் கடைக்காரர், "இன்னிக்கு நீங்க மூணாவது ஆளும்மா" என்றார்.

ஈப்போ டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பசைக்கு அடியில் இரண்டு பல்லில் சொத்தை ஆரம்பித்திருக்கிறது, ஒரு முன்பல் ஆடுகிறது. எக்ஸ்ரேயும் அச்சும் எடுத்து, சொத்தையை அடைத்து, சுத்தம் செய்த பிறகுதான் கம்பியையே ஒட்ட வேண்டுமாம். பல் நகர நகர எலும்பு கரைந்து மறுபடி வளர வேண்டும், அதனால்தான் நாலு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து இறுக்குகிறார்கள். ஒன்றரை, இரண்டு வருஷ வேலை. அதற்கப்புறமும், பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்க ரிட்டெய்னர் போட வேண்டும். அந்தக் கடைக்காரியோ ஒரே மணி நேரத்தில் முடித்து அனுப்பினாள்! கழற்றிச் சுத்தம் செய்ய 450 வெள்ளி. ஆக, 1,800 போய், மேலே 450.

போலீசில் புகார் கொடுத்தாயிற்று. 2018 பல் மருத்துவச் சட்டப்படி, பதிவில்லாமல் வைத்தியம் பார்த்தால் 300,000 வெள்ளி வரை அபராதம், 6 வருஷம் வரை சிறையாம். சரி, அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். என் 1,800 வெள்ளி?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், வேலைக்கு வண்டி வரும் நேரமாகிவிட்டது. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையதளத்தில் டாக்டர் பெயரைத் தேடிப் பாருங்கள். எக்ஸ்ரே எடுக்காமல் கம்பியை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீது வாங்குங்கள். கழன்றால் வீட்டில் பசை போட்டு ஒட்டாதீர்கள்.

இன்னொன்று. இன்று காலை அதே கைப்பேசி எண்ணோடு வேறு பெயரில் புதுப் பக்கம் திறந்திருக்கிறார்கள். முதல் படமே என் மகளின் வாய், ஊதா ரப்பரோடு. பிள்ளை இன்னும் பார்க்கவில்லை. அதை எடுக்க வைக்க யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.