பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கழிப்பது: இத்தனை வருடத்தில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை

அலுவலகத்தில் ஆயுள் முடிந்த கணினிகளைக் கழித்துக்கட்டும் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. நாங்களே டிஸ்கை அழித்து மறுவிற்பனைக்குக் கொடுப்பது, மின்கழிவு நிறுவனத்திடம் மொத்தமாக ஒப்படைப்பது, டிஸ்கை அரைத்துத் தூளாக்கும் வண்டியை வாசலுக்கே வரவழைப்பது என்று மூன்று வழிகளையும் பயன்படுத்தியாயிற்று. மூன்றிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஆனால் தலைவலி வந்த இடங்களை எண்ணிப் பார்த்தால் அநேகமாக எல்லாமே கணக்கில்தான். எந்த டிஸ்க் எங்கே போனது என்று காகிதத்தில் காட்ட முடியாமல் நிற்பதுதான் இதில் உண்மையான ஆபத்து.

முதலில் நாமே அழிக்கும் வழி. சாதாரண ஹார்டுடிஸ்குக்கு நான் பயன்படுத்துவது ஷ்ரெட்ஓஎஸ் என்ற இலவசக் கருவி. பென்டிரைவில் போட்டு அதிலிருந்து கணினியைக் கிளப்பினால், உள்ளே இருக்கும் என்வைப் நிரல் டிஸ்க் முழுவதையும் மேலெழுதிவிடும். குறை சொல்ல ஒன்றும் இல்லை, நேரம்தான் பிடிக்கும். நாலு டெராபைட் டிஸ்க் என்றால் ஒரு சுற்றுக்கே ஏழெட்டு மணி நேரம் ஆகிறது.

இங்கேதான் ஒரு பழைய நம்பிக்கை குறுக்கே வரும். 35 தடவை எழுதினால்தான் பாதுகாப்பு என்று யாராவது ஒரு மேலதிகாரி கட்டாயம் சொல்வார். நாலு டெராபைட் டிஸ்கை அப்படி அழிக்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அந்த எண் பீட்டர் கட்மன் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 1996-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் புழங்கிய பலவகை டிஸ்குகளுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. எந்த ஒரு டிஸ்குக்கும் 35 சுற்றும் தேவைப்படாது என்று அவரே பின்னால் எழுதிவிட்டார். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014-இல் திருத்தி வெளியிட்ட 800-88 வழிகாட்டியும், காந்த டிஸ்குக்கு ஒரு சுற்று மேலெழுதினாலே ஆய்வகத்தில்கூட மீட்பது கடினம் என்றது. நான் ஒரு சுற்று எழுதி, ஒரு சுற்று சரிபார்க்கிறேன். அவ்வளவுதான்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி கதை வேறு. அதில் மேலெழுதுவதை நம்பக் கூடாது. தேய்மானத்தைச் சமமாகப் பரப்புவதற்காக உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். நமக்குக் காட்டாத உபரி இடமும் ஒன்று உண்டு. நாம் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டோம் என்று நினைக்கையில் பழைய தரவு அந்த மூலையில் அப்படியே கிடக்கலாம். அதனால் டிஸ்குக்கே உத்தரவு போட வேண்டும்: சாட்டா இணைப்பு வகைக்கு செக்யூர் எரேஸ், என்விஎம்இ இணைப்பு வகைக்கு சானிடைஸ். பல மடிக்கணினிகளில், கணினியைக் கிளப்பும் அடிப்படை நிரலான பயாஸ், டிஸ்கைப் பூட்டி வைத்து செக்யூர் எரேஸை ஏற்கவிடாது. ஒருமுறை தூங்கவைத்து எழுப்பினால் பெரும்பாலும் பூட்டு விலகிவிடும். யூஎஸ்பி பெட்டியில் மாட்டி இந்த உத்தரவுகளைக் கொடுக்க முயலாதீர்கள். பல பெட்டிகள் அவற்றை டிஸ்குக்குக் கடத்துவதே இல்லை.

அந்த உத்தரவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ கிளை ஆய்வாளர்கள் 2011-இல் சோதித்தபோது, ஒரு எஸ்எஸ்டி அழித்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத் தரவை அப்படியே வைத்திருந்தது. எனவே எனக்கு மிக உபயோகமாக இருந்தது கழிக்கும் நாளில் செய்த வேலை அல்ல, வாங்கிய நாளில் செய்தது: புதுக் கணினி மேசைக்குப் போகும் முன்பே, டிஸ்கைக் குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டுவிடுவது. முழு டிஸ்கும் குறியாக்கத்தில் இருந்தால், உத்தரவு பாதியில் தவறினாலும் மிஞ்சுவது படிக்க முடியாத குப்பைதான். ஒரு விஷயம் மட்டும் கவனம். குறியாக்கம் மென்பொருள் வழியாக நடக்க வேண்டும். 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார், தானே குறியாக்கம் செய்வதாகச் சொல்லும் சில எஸ்எஸ்டிகளில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். அப்போது பிட்லாக்கர் அந்த டிஸ்குகளையே நம்பி வேலையை ஒப்படைத்துக்கொண்டிருந்தது.

அடுத்து, நிறுவனத்திடம் ஒப்படைப்பது. உழைப்பு மிச்சம், இடமும் சீக்கிரம் காலியாகும். நாங்கள் முதலில் பிடித்த நிறுவனம் நேரத்துக்கு வந்தது, மரியாதையாகப் பேசியது, பளபளப்பான சான்றிதழும் அனுப்பியது. பிரித்துப் பார்த்தால் 'கணினி உபகரணங்கள், மொத்த எடை இவ்வளவு கிலோ, பாதுகாப்பாக அழிக்கப்பட்டன' என்று ஒரே வரி. எடைபோட்டு வாங்க காயலான் கடை போதுமே! சீரியல் நம்பர் வாரியாகக் கேட்டதற்கு, நாங்கள் கொடுத்த பட்டியலையே நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அது சான்று ஆகாது. அவர்கள் தங்கள் கையால் ஸ்கேன் செய்த பட்டியல் தனியாக வர வேண்டும், நம் பட்டியலோடு ஒப்பிட வேண்டும், இரண்டும் பொருந்தினால்தான் கணக்கு முடியும். இப்போது இருக்கும் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் வாசலிலேயே ஸ்கேன் என்று எழுதிவிட்டோம். மின்கழிவு மறுசுழற்சிக்கு ஆர்2, இ-ஸ்டூவர்ட்ஸ், தரவு அழிப்புக்கு நெய்ட் ஏஏஏ ஆகிய சான்றிதழ்களில் எதை வைத்திருக்கிறார்கள் என்றும், அது எந்தக் கிளைக்கு வழங்கப்பட்டது என்றும் பார்க்கிறோம். தலைமையகத்துக்கு வாங்கிவிட்டு, பொருளை வேறு கிடங்குக்கு அனுப்புகிறவர்கள் உண்டு.

பட்டியல் என்றேன், அது டிஸ்க் வாரியாக இருக்க வேண்டும். கணினி வாரியான பட்டியல் உதவாது. உத்தரவாதக் காலத்தில் டிஸ்க் மாற்றியிருப்பார்கள், பழைய நம்பர் பதிவேட்டில் நிற்கும். சர்வரின் முன்பக்கத் தட்டுகளை எல்லாம் உருவிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்போம். தாய்ப்பலகையில் விரல் நீளத்தில் ஒரு எம்.2 வகை எஸ்எஸ்டி துண்டோ, எஸ்டி கார்டோ சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். மூடியைக் கழற்றாமல் எந்த சர்வரையும் நான் வெளியே விடுவதில்லை.

இது மிகையான பயம் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லியின் விவகாரத்தைச் சொல்வேன். 2016-இல் தரவு மையங்களை மூடும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் இடம் மாற்றும் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் தரவோடு டிஸ்குகள் இணைய ஏலத்தில் விலைபோயின. வேறொரு முறை சாதனங்களைக் கழித்தபோது 42 சர்வர்கள் கணக்கிலேயே இல்லை. அந்தச் சாதனங்களில் குறியாக்க வசதி இருந்தும் வருடக்கணக்கில் அதை இயக்கவில்லை. 2020-இல் 6 கோடி டாலர், 2022-இல் இன்னொரு 3.5 கோடி டாலர் அபராதம். பட்டியலும் குறியாக்கமும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

கணினி மட்டும் என்றும் நினைத்துவிடக் கூடாது. வாடகைக்கு எடுத்த பெரிய நகலெடுக்கும் இயந்திரத்துக்குள் ஹார்டுடிஸ்க் இருக்கும்; திருப்பி அனுப்பும் முன் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற அமெரிக்க காப்பீட்டு நிறுவனம் இதற்காகவே 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. ரவுட்டரும் அப்படித்தான். கணினிப் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் பழைய ரவுட்டர்களை வாங்கிச் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டவற்றில் பழைய உரிமையாளரின் அமைப்புகள் அழியாமல் இருந்தன.

அரைக்கும் வண்டியைப் பற்றி எனக்கு அரைமனசுதான். பார்க்கத் திருப்தியாக இருக்கும், நிர்வாகத்துக்கும் பிடிக்கும். ஆனால் ஹார்டுடிஸ்குக்கான அகலத்தில் அரைத்தால் எஸ்எஸ்டியின் சின்னச் சின்ன சிப்புகள் முழுசாகத் தப்பிவிடலாம். இன்னும் நுணுக்கி அரைக்க வேண்டும். காந்தத்தால் அழிக்கும் டீகாஸர் எஸ்எஸ்டியை ஒன்றுமே செய்யாது. அதோடு நன்றாக ஓடும் டிஸ்கை அரைப்பது வீண். மடிக்கணினியால் வரும் கார்பனில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது, முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்கிறது ஐநா அறிக்கை. உத்தரவை ஏற்காத, செத்த டிஸ்குகளை மட்டும் அரைக்கக் கொடுக்கிறேன்.

மறுபயன்பாட்டுக்குப் போகும் கணினியில் பயாஸ் கடவுச்சொல்லை நீக்குங்கள். கணினியைப் பழைய உரிமையாளரோடு கட்டிவைக்கும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் பதிவு, ஆப்பிளின் ஆக்டிவேஷன் லாக் இரண்டையும் விடுவியுங்கள். இல்லாவிட்டால் நல்ல மெஷின் அடுத்தவர் கையில் வெறும் செங்கல். நிறுவனப் பெயர் ஒட்டிய ஸ்டிக்கரையும் சுரண்டிவிடுங்கள். உப்பிய பேட்டரி இருந்தால் மற்ற பெட்டிகளோடு அடுக்கவே கூடாது, தீப்பிடிக்கும். அப்புறம், பிரித்த பாகங்கள் கடைசியாக எங்கே போகின்றன என்று கேளுங்கள். 2025 ஜனவரி 1 முதல், கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தப்படி எந்த மின்கழிவும் எல்லை தாண்ட, பெறும் நாட்டின் முன்சம்மதம் வேண்டும். இந்தக் கேள்விக்கு மழுப்பினால் நான் வேறு ஆள் பார்ப்பேன்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததும் எங்களிடமும் ஒரு பெரிய அடுக்கு சேர்ந்தது. விண்டோஸ் 11-க்கு ஏறாத அந்தக் கணினிகளில் நல்லவற்றுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறோம். மற்றவற்றின் மூடியைக் கழற்றி டிஸ்க் நம்பர்களைப் பதிவேற்றிக்கொண்டிருக்கிறோம். அது முடியும்வரை எடுத்துப்போகும் வண்டிக்குச் சொல்வதாக இல்லை.