செயின் மட்டும் புதுசு, மற்றதெல்லாம் பழசு

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் முதல் நான்கைந்து நொடிகளுக்கு இன்ஜின் முன்பக்கத்தில் கடகடவென்று சத்தம் வரும், அப்புறம் அடங்கிவிடும். ஒர்க்‌ஷாப்பில், இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்க வைக்கும் டைமிங் செயின் தளர்ந்துவிட்டது என்றார்கள். அதில் தப்பில்லை. செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது உரசி ஓடும் பிளாஸ்டிக் கைடு, அதைச் சுற்றவைக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் மாற்றியதாக பில் போட்டார்கள். பழைய பாகங்களைக் கேட்டேன். குப்பையில் போட்டாச்சு என்றார்கள். நம்பிவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஆயில் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதே ஒர்க்‌ஷாப்காரர்கள் பானெட்டை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, "ஆயில் பார்க்காம ஓட்டியிருக்கீங்க, இன்ஜின் சீஸ், முழுசா மாத்தணும்" என்றார்கள். சீஸ் என்றால் இன்ஜின் உள்ளே இறுகிப்போய்ச் சுற்றாமல் நிற்பது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துக் காட்டினேன். ஆயில் அளவு சரியாகவே இருந்தது. பதில் இல்லை.

வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் இழுத்துப் போனேன். அவர் எடுத்தவுடனே சீஸ் என்று சொல்லவில்லை. பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் பார்த்தார். ஆல்டர்னேட்டரோ ஏசி கம்ப்ரஸரோ இறுகியிருந்தாலும் இன்ஜின் சுற்றாது என்று முன்பக்க பெல்ட்டைக் கழற்றினார். சிலிண்டரில் தண்ணீர் புகுந்திருக்கலாம் என்று ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்தார். அப்புறம்தான் இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்கின் புல்லி போல்ட்டில் நீளமான கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். அசையவே இல்லை. சீஸ் ஆனது உண்மைதான்.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கியதும் விஷயம் வெளியே வந்தது. ஆயிலை உறிஞ்சும் வலை முழுக்கப் பழுப்பு நிற பிளாஸ்டிக் சில்லுகள், எல்லாம் உடைந்த செயின் கைடு. வலை அடைத்தால் சம்ப்பில் ஆயில் இருந்தும் பம்ப்பால் மேலே ஏற்ற முடியாது, கிராங்க் பேரிங் காய்ந்து பிடித்துக்கொள்ளும். முன் கவரைத் திறந்தால் செயின் மட்டும் பளபளக்கிறது. ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கி போல வளைந்து தேய்ந்திருந்தன. மிச்சமிருந்த கைடில் ஆழமான பள்ளம். ஐந்து மாத ஓட்டத்தில் இவ்வளவு தேய்மானம் வராது. மாற்றாத பாகங்களுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்!

செயின் வேலைக்கு வண்டி விடுபவர்கள் தயவுசெய்து கவர் திறந்திருக்கும்போதே நேரில் போய்ப் பாருங்கள். கழற்றிய பாகங்கள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கைடு உடைந்திருந்தால் சம்ப்பை இறக்கி அந்த வலையையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

என் கிராங்கில் ஆழமாகக் கீறல் விழுந்திருக்கிறது. அரைத்துச் சரிசெய்ய முடியுமா என்று அளந்து பார்த்த பிறகுதான் சொல்வார்கள்.