போஹோ ஹால்: ஆன்லைன் செட்டா, ஊர்ப் பொருளா?

போஹோ பாணி ஹால் படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். தரையில் முரட்டு நெசவில் ஒரு விரிப்பு, அதன்மேல் சிதறிக் கிடக்கிற திண்டுகள், மூலையில் பிரம்பு நாற்காலி, சுவரில் கயிற்று முடிச்சுத் தொங்கல், அங்கங்கே செடி, மஞ்சள் வெளிச்சம். எதுவும் எதோடும் ஜோடி சேராது, ஆனால் எல்லாம் சேர்ந்திருக்கும்போது அந்த அறைக்குள் போய் அப்படியே சாய்ந்துகொள்ளலாம் போல இருக்கும். எனக்கும் அந்த ஆசைதான். எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் திங்கள்நகருக்கும் குளச்சலுக்கும் நடுவில், கடற்காற்று வந்து தொடுகிற தூரத்தில் இருக்கிறது. ஹாலில்தான் மாமி மத்தியானம் படுப்பார்கள், மகன் வீட்டுப்பாடம் எழுதுவான், வந்தவர்களுக்குச் சாயா கொடுப்பதும் அங்கேதான், மழை பிடித்துக்கொண்டால் துணி காய்வதும் அங்கேதான். ஆகவே படத்துக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாது.

வழி இரண்டு இருக்கிறது. ஒன்று, ஆன்லைனில் 'போஹோ' என்று தேடினால் வருகிற சணல் கார்ப்பெட், மேக்ரமே என்கிற கயிற்று முடிச்சுத் தொங்கல், திண்டு, பிளாஸ்டிக் செடி எல்லாவற்றையும் வாங்கி ஒரே வாரத்தில் ஹாலை மாற்றிவிடுவது. இன்னொன்று, பாய், ஜமுக்காளம், கயிறு, பழைய பெஞ்சு என்று இங்கே கிடைப்பதை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. இரண்டு வருடமாக இரண்டையும் கலந்து பார்த்துவிட்டேன். நான் கடைசியில் எல்லாப் பொருளிடமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதைத் துவைக்க முடியுமா, தூக்கிப்போய் வெயிலில் போட முடியுமா? நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை வருகிறது, ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. நடுவில் கிடைக்கிற வெயில் நாட்களில் காயாத எதுவும் ஹாலில் அழுகும்.

போஹோ என்ற பெயரின் கதையும் இந்தக் கணக்குக்கு ஒத்துத்தான் வருகிறது. பொஹீமியா இன்றைய செக் நாட்டில் இருக்கிற பகுதி. ரோமா மக்கள் அங்கிருந்து வந்தவர்கள் என்று நினைத்துப் பிரெஞ்சுக்காரர்கள் அவர்களை அந்தப் பெயரால் அழைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் காசு பணம் இல்லாமல், கிடைத்த இடத்தில் கிடைத்ததை வைத்து வாழ்ந்த ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிடைத்ததை வைத்து அழகாக இருப்பதுதான் இதன் அடிப்படை என்றால், ஒரே பெட்டியில் வந்து இறங்குகிற செட் எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் தரை. அதிகம் அலசவேண்டியது இதைத்தான், ஏனென்றால் போஹோ ஹாலில் பாதி வாழ்க்கை தரையில்தான் நடக்கிறது. நான் வாங்கிய வட்டச் சணல் விரிப்பு மார்ச்சில் வந்தது, பார்க்க அத்தனை லட்சணம். ஜூன் பாதியில் மாமி, "மக்களே, என்னமோ நாறுது, அந்த விரிப்பத் தூக்கிப் பாரு" என்றார்கள். தூக்கினேன். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பலும் பச்சையுமாகப் பூசணம், டைல்ஸில் விரிப்பின் வட்டம் அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது. விற்றவர்களிடம் கேட்டால் தண்ணீரில் நனைக்கக் கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள் என்றார்கள். பூசணத்தை ஒற்றி எடுத்து என்ன ஆகப்போகிறது? சணலின் குணமே அது. சாதாரணக் காற்று ஈரத்திலேயே தன் எடையில் ஏறக்குறைய 14 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பருத்தி எட்டரை சதவீதத்தோடு நின்றுவிடும். தண்ணீரில் முக்கினால் சணல் நிறமும் மாறும், உருவமும் கோணும்.

தென்னங்கயிறு இதற்கு நேர் எதிர். நார் மாதிரிதான் தெரியும், ஆனால் அதில் லிக்னின் என்ற கட்டைத்தன்மை கொடுக்கிற பொருள் சணலில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு, அதனால்தான் உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டாலும் கயிறு சீக்கிரம் இற்றுப்போவதில்லை. தென்னைக்கு நமக்குப் பஞ்சமில்லை, ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனாலும் ஹாலின் நடுவில் கயிற்று விரிப்பைப் போடச் சொல்லமாட்டேன். உள்ளங்காலைக் குத்தும், தவழ்கிற குழந்தை இருந்தால் முட்டி சிவந்துபோகும், தும்பும் கொட்டும். சிட் அவுட்டிலும் வாசல்படியிலும் போட்டால் அதை அடிக்க வேறு பொருள் கிடையாது, மண்ணையும் ஈரத்தையும் உள்ளே விடாமல் அங்கேயே பிடித்துவைத்துக்கொள்ளும்.

அப்புறம் பாய். மாமியின் சின்ன வயதில் வீட்டில் தாழம்பாய்தானாம், இன்றும் அதன் மெதுமெதுப்பைச் சொல்லிச் சொல்லி மாளாது. நான் வாங்கியது கோரைப்பாய். பத்தமடை பக்கத்து நெல்லை மாவட்டத்தில்தான், தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்கிற அந்தப் பாய்க்கும் புவிசார் குறியீடு உண்டு; நல்ல நெசவுப் பாயைக் கையால் தடவினால் துணி மாதிரி வழுக்கும். கோரையிலும் பூசணம் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வருவது உடனே கண்ணுக்குத் தெரியும், உலர்ந்த துணியால் துடைத்து ஒரு மணிநேரம் வெயிலில் சாய்த்துவைத்தால் போய்விடும். மடிக்கக் கூடாது, சுருட்டத்தான் வேண்டும். நாற்காலியை அதன்மேல் இழுத்தால் நெசவு பிய்ந்துவிடும். இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும்.

ஆனால் தரையில் என் தேர்வு பவானி ஜமுக்காளம்தான். முரட்டுப் பருத்தி, அடர்த்தியான சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள், போஹோ படங்களில் வருகிற துருக்கி விரிப்புகளின் துணிச்சல் அதில் இருக்கிறது. நனைந்தால் கனம் தாங்காது, இரண்டு பேர் பிடித்துத்தான் பிழியவேண்டும், என்றாலும் நல்ல வெயில் ஒரு நாள் அடித்தால் காய்ந்துவிடும். வாங்கும்போது கைத்தறியா என்று கேட்டுப் பார்த்து வாங்குங்கள், விசைத்தறியில் செய்து அதே பெயரில் விற்பதும் உண்டு. இப்போது எங்கள் ஹாலில் பெரிய கோரைப்பாய், அதன்மேல் கோணலாக ஒரு சின்ன ஜமுக்காளம். படங்களில் விரிப்பின்மேல் விரிப்பு போடுகிறார்களே, அதேதான். பழைய வீடாக இருந்து சிவப்பு ஆக்சைடு தரை உங்களுக்கு வாய்த்திருந்தால் தயவுசெய்து பாதிக்குமேல் மூடாதீர்கள், அந்த நிறத்தை எந்த விரிப்பும் தராது.

அடுத்தது உட்காருகிற இடம். தரையோடு தரையாகத் திண்டு போட்டு உட்காருவதுதான் அசல் போஹோ என்று படங்கள் சொல்கின்றன. வீட்டில் முட்டி வலிக்காரர் ஒருவர் இருந்தால் அது நடக்காது. மாமி ஒருநாள் திண்டிலிருந்து எழ முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு, உயரம் குறைந்த கட்டில் ஒன்றை ஜன்னலை ஒட்டிப் போட்டோம். அதன்மேல் என்ன மெத்தை என்பதில்தான் போட்டி. செட்டோடு வந்த ஃபோம் திண்டு ஒன்றில் மகன் சாயாவைக் கொட்டினான். மேலே துடைத்துவிட்டோம், உள்ளே போனது போனதுதான், நாலு நாளில் புளித்த வாடை. இலவம்பஞ்சு அப்படி இல்லை. அந்த இழையின்மேல் இயற்கையாகவே மெழுகுப்பூச்சு இருக்கிறது, உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம், அதனால் தண்ணீரைச் சட்டென்று குடிக்காது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் உடுப்புகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். கெடுதல் என்னவென்றால் நாளாக நாளாக அமுங்கிக் கட்டிதட்டும். வெயிலில் போட்டுத் தட்டினால் மறுபடி உப்பும், சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து அடிக்கக் கொடுக்கவேண்டியிருக்கும். அந்த வேலைக்குத் தயார் என்றால் இலவம்பஞ்சு, முடியாது என்றால் ஜிப் வைத்த உறையோடு மெல்லிய ஃபோம். தடித்த ஃபோம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நாற்காலிக்கு மூன்று பேர் போட்டியிடுகிறார்கள்: பிரம்பு, மூங்கில், பிளாஸ்டிக் பின்னல். பிரம்பு கொடி வகை, உள்ளே கெட்டி, அதனால் வளைத்துச் செய்யலாம். மூங்கில் உள்ளே பொள்ளல், இணைப்புகளில்தான் முதலில் ஆட்டம் காணும். இரண்டிலும் மாவுச்சத்து இருப்பதால் இரண்டுமே வண்டு அரித்து உளுக்கும். கடையில் நாற்காலியைத் தூக்கித் தரையில் லேசாகத் தட்டிப் பாருங்கள், மாவு மாதிரிப் பொடி கொட்டினால் விலை என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். போராக்ஸ் (வெண்காரம்) கரைசலில் பதப்படுத்தியதா என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். பிளாஸ்டிக் பின்னல் மழைக்கு அசையாது, ஆனால் மே மாதத்தில் முதுகில் ஒட்டும். அது மொட்டைமாடிக்குச் சரி. எங்கள் ஹாலில் எல்லாவற்றையும் தோற்கடித்தது வேறொன்று. என் வீட்டுக்காரரின் குடும்பத்து ஓட்டு வீட்டைப் பிரித்தபோது வந்த அயனி (ஆஞ்சிலி) மரப் பலகை பெஞ்சு. மூன்று பேர் சேர்ந்துதான் தூக்கவேண்டும். ஒரு முனையில் யாரோ பல வருடம் வெற்றிலைக்குப் பாக்கு வெட்டிய தழும்புகள் வரிசையாக இருக்கின்றன, அதன்மேல் விரலை ஓட்டினால் ஒவ்வொன்றும் தட்டுப்படும். பாலிஷ்காரர் இழைத்துவிடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுப் பின்சாய்ப்பில் அயனியோ பலாவோ ஏதாவது பலகை சாய்ந்து கிடந்தால், கடைக்குப் போகுமுன் அதை ஒருமுறை கழுவிப் பாருங்கள்.

எதைப் போட்டாலும் காற்று ஓடும் வழியை மறிக்காதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்குத் தெரியும், மரச் சட்ட அழிகளின் இடைவெளி வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும், வெளியே புழுங்கினாலும் உள்ளே குளிர்ச்சியாக நிற்கலாம். கான்கிரீட் வீட்டில் அது கிடைக்காது, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிச் சாமான்களைப் போடுவதாவது நம் கையில் இருக்கிறது.

சுவருக்கு மேக்ரமேயா, லேஸா? மேக்ரமே பருத்திக் கயிற்று முடிச்சுதான், நானே இரண்டு பின்னினேன், கை பழகினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும். சிக்கல் தூசி. ஆறு மாதம் கழித்து முடிச்சுகளைப் பிரித்துப் பார்த்தால் வெளியே வெள்ளை, இடுக்கில் சாம்பல். வாளியில் சோப்புத்தண்ணீரில் ஊறவைத்தபோது தண்ணீர் கட்டன்சாயா நிறத்துக்கு வந்தது. துவைக்கலாம் என்பதால் தேறிவிட்டது. ஆனால் லேஸ் நம் மண்ணில் வேர்பிடித்த கைவேலை. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த மார்த்தா மால்ட் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துத் தொடங்கியது, பிறகு முளகுமூடு வரை பரவி, எத்தனையோ பெண்கள் சொந்தக்காசு பார்த்த தொழில். வீட்டில் பழைய லேஸ் விரிப்பு இருந்தால் பெட்டியில் பூட்டிவைக்காமல் அடர்நிறத் துணியின்மேல் தைத்து மாட்டுங்கள், ஒவ்வொரு பூவும் தனியாகத் தெரியும். கண்ணாடிச் சட்டம் போடுவதாக இருந்தால் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து தள்ளிவையுங்கள், மழை அடிக்கிற பக்கத்து வெளிச்சுவரில் மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள், ஓதம் ஏறிவிடும். என் ஓட்டு லேஸுக்கு.

திரைச்சீலைக்கு அதிகம் யோசிக்கவேண்டியதில்லை. பழைய நேரியல் (முண்டோடு உடுத்துகிற மெல்லிய மேல்துணி) இரண்டு, மூங்கில் கழியில் கோத்துவிட்டால் போதும். அந்த மங்கிய வெள்ளையில் வெளிச்சம் வடிகட்டி விழும், சாயங்காலம் கழற்றித் துவைத்தால் காலையில் காய்ந்திருக்கும்.

செடி நிஜமாகத்தான் இருக்கவேண்டும், பிளாஸ்டிக் செடி தூசி சேர்க்கிற சாமான். மணி பிளாண்ட், பாம்புக் கற்றாழை, பெரணி மூன்றும் நம் ஈரத்தில் தானாக வளரும். இரண்டு எச்சரிக்கை: மணி பிளாண்ட் இலையைக் குழந்தை வாயில் வைத்தால் எரியும், வீங்கும், அதனால் தொங்கவிடுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டிலும் பாட்டிலிலும் நிற்கிற தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுங்கள், டெங்கு பரப்புகிற கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும்.

விளக்கில் ஆன்லைன் பக்கம்தான் ஜெயிக்கிறது, சொல்லியாகவேண்டும். சின்னச் சின்ன பல்புச் சரம் மலிவு, 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு) என்று போட்ட மஞ்சள் பல்புகளும் எளிதாகக் கிடைக்கின்றன. 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டின் கீழே எந்த ஜமுக்காளமும் சோகையாகத்தான் தெரியும். பித்தளைத் தூக்குவிளக்கு ஒன்றும் தொங்கவிட்டிருக்கிறேன், உப்புக்காற்றில் களிம்பு பிடிக்கும், மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்கிறேன்.

இவ்வளவும் கடலோரத்துக்கும் மேற்குப் பக்கத்துக்கும் சொன்னது. ஆரல்வாய்மொழிப் பக்கம் கதை வேறு, அங்கே காற்றாலை சுற்றுகிற காற்று, மழையும் கம்மி. நான் பூசணம் துடைத்து மூன்று நாள் வெயிலில் போட்டு எடுத்த அந்தச் சணல் விரிப்பை அங்கே இருக்கிற நாத்தனார் வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது மழைக்காலம் தாண்டியும் ஒரு வாடை இல்லையாம். தூசிதான் ஏறுகிறதாம், சனிக்கிழமை தோறும் மதில்மேல் போட்டு விளக்குமாற்றுக் கட்டையால் அடிக்கிறார்கள்.