புடாபெஸ்ட்டில் ஒரு வார இறுதி: 72 மணிநேர பாஸ் எங்கெல்லாம் செல்லும், எங்கே செல்லாது

வெள்ளி மாலை போய் இறங்கி, திங்கள் மதியம் விமானம் ஏறுபவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, புடாபெஸ்ட் போக்குவரத்துக் கழகமான பி.கே.கே.யின் 72 மணிநேர பாஸ். இது நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு. வெள்ளி மாலை 6 மணிக்குத் தொடங்கினால் திங்கள் மாலை 6 மணி வரை செல்லும். ஊதா நிற இயந்திரத்தில் வாங்கும்போதே தொடக்க நேரத்தை நாம் குறித்துக்கொள்ளலாம். முன்கூட்டியே வாங்கினாலும் ஒரு மணி நேரம்கூட வீணாகாது.

மெட்ரோ, டிராம், பேருந்து, டிராலிபஸ், டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையான புடா பக்கத்து மலையேறும் 60ஆம் எண் பல்சக்கர ரயில் எல்லாம் இதில் அடக்கம். ஒற்றைப் பயணச்சீட்டில் இந்த நிம்மதி கிடையாது. மெட்ரோவிலிருந்து மெட்ரோ மாறினால் சரி. டிராமுக்கு மாறினால் இன்னொரு சீட்டு. காகிதச் சீட்டை இயந்திரத்தில் பதிக்கவும் வேண்டும். பரிசோதகர்கள் பெரும்பாலும் மெட்ரோ வாசலிலேயே நிற்பார்கள். பதிக்காத சீட்டு கையில் இருந்தால், காசு கொடுத்து வாங்கியிருந்தும் அபராதம்தான்.

இனி, செல்லாத இடங்கள். விமான நிலையத்திலிருந்து நகர மையத்து டெயாக் சதுக்கத்துக்கு நேராக வரும் 100இ பேருந்துக்குத் தனிச் சீட்டு வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பாஸிலேயே வர நினைத்தால் 200இ பேருந்தில் கொபானியா-கிஷ்பெஷ்ட் வரை வந்து எம்3 மெட்ரோ பிடிக்க வேண்டும். பெட்டி கனமென்றால் 100இ சீட்டுக்கான காசைப் பார்க்காதீர்கள். புடா மலைமேல் உள்ள கோட்டைக்கு ஏறும் ஷிக்லோ இழுவை ரயிலிலும் பாஸ் எடுபடாது. ஆனால் டெயாக் சதுக்கத்திலிருந்து 16ஆம் எண் பேருந்து அதே மலைக்குப் போகிறது, அதில் பாஸ் செல்லும். ஞாயிறன்று பாட்யானி சதுக்கத்திலிருந்து சென்டெந்த்ரெ ஊருக்குப் புறநகர் ரயிலில் கிளம்புகிறவர்கள், பாஸ் நகர எல்லையோடு முடிகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்கு மேல் உள்ள தூரத்துக்குத் துணைச் சீட்டு எடுத்துவிட்டே ஏறுங்கள்.

பாஸின் முழு ருசி தெரிவது 2ஆம் எண் டிராமில். இருட்டிய பிறகு யாசாய் மாரி சதுக்கத்தில் ஏறி, வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். நாடாளுமன்றத்தைச் சுற்றிக்கொண்டு டிராம் தெற்கே திரும்பியதும் டான்யூப் பக்கத்திலேயே கூட வரும். எதிர்க்கரையில் கோட்டை முழுக்க விளக்கு. படகுச் சவாரிக்குத் தனியாகச் செலவழிக்கத்தான் வேண்டுமா என்று தோன்றிவிடும்.

செய்செனி வெந்நீர்க் குளியலுக்கு எம்1 மெட்ரோ. 1896இல் திறந்த பாதை, ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயில். ஆந்த்ராஷி சாலையில் இதன் நிலையங்களுக்குச் சாலையின் இரு பக்கமும் தனித்தனி வாசல், ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு மட்டும். கீழே போய்ப் பக்கம் மாற முடியாது. படியிறங்கும் முன், செய்செனி பக்கம் போகும் ரயிலின் கடைசி நிலையமான 'மெக்ஸிகோய் ஊட்' என்ற பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். செருப்பும் துண்டும் கையோடு எடுத்துப் போங்கள். நீச்சல் குளத்தில் இறங்கத் தலையுறை கட்டாயம். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அனுமதிப்பதில்லை என்பதால், குடும்பமாகப் போகிறவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். வார இறுதியில் கட்டணமும் கூட்டமும் அதிகம். திங்கள் காலை போனால் இரண்டும் குறையும், பாஸும் உயிரோடு இருக்கும்.

புடாபெஸ்ட் கார்டு வாங்கலாமா? அதில் போக்குவரத்தோடு பல அருங்காட்சியகங்களும் லுகாச் குளியலும் சேர்ந்திருக்கின்றன. மூன்று அருங்காட்சியகமாவது பார்ப்பவர்களுக்கு அது லாபம். குளியல், டிராம், கோட்டை என்று சுற்றுகிறவர்களுக்கு வெறும் பாஸே போதும். செய்செனிக்கு அந்தக் கார்டில் கிடைப்பது தள்ளுபடி மட்டும்தான்.

திரும்பும் நாளில் அவசரம் இல்லையென்றால் எம்3, பிறகு 200இ. பாஸிலேயே விமான நிலைய வாசல் வரை போய்விடலாம். டெயாக் சதுக்கத்திலிருந்து ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.