பழைய இன்ஜெக்ஷன் பென்ஸ் வைத்திருப்போர் கவனத்துக்கு: 'புது பம்ப்' என்று பூட்டிக் கொடுத்தது இதுதான்

பெற்றோல் பம்ப் ஒழுகுகிறதென்று ஒரு 230 ஈ பென்ஸ் (டபிள்யூ 123 மொடல்) ஹட்டன் பக்கத்துக் கராஜ் ஒன்றுக்குப் போயிருக்கிறது. புது பம்புக்குரிய காசை முழுதாக வாங்கிக்கொண்டு காரைக் கொடுத்திருக்கிறார்கள். நுவரெலியா ஏற்றத்தில் திரும்பவும் பெற்றோல் வாடை. பின் அச்சுக்கு முன்னால், வலப்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது.

பம்ப் புதிதே அல்ல. பழையதைக் கழுவி வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உடலில் பொறித்த இலக்கத்தைத் தேய்த்திருந்தார்கள், வயர் பூட்டும் ஆணிகளில் பழைய நட்டின் தடம் அப்படியே இருந்தது. மூடியும் உடலும் சேரும் மடிப்பைச் சுற்றி எபொக்சி. இந்த வகை பம்பில் மோட்டாரே பெற்றோலுக்குள்தான் சுழல்கிறது. மடிப்பில் ஒழுகினால் பசை நிற்காது, பம்பை மாற்றியே ஆகவேண்டும்.

அதைவிட ஆபத்தானது ஹோஸ். இந்தக் காரின் இன்ஜெக்ஷன் முறையான கே-ஜெட்ரோனிக்கில் பம்ப் தள்ளும் பக்கம் ஏறக்குறைய 5 பார் அழுத்தம். இன்ஜெக்ஷன் இல்லாத காபரேட்டர் காரில் அரை பார்கூட வராது. இங்கே காபரேட்டர் ஹோஸை வெட்டி, சாதாரண கிளிப்பால் இறுக்கியிருந்தார்கள். ஹோஸின் மேல் ஆர்7 என்ற தரக்குறி அச்சிட்டிருந்தால் அது 50 பிஎஸ்ஐ, அதாவது 3.4 பார் வரைக்கும்தான். டாங்கியிலிருந்து பம்புக்கு வரும் பக்கத்துக்கு அது போதும். தள்ளும் பக்கத்துக்கு முனை அழுத்திப் பூட்டிய அசல் ஹோஸே வேண்டும். ஓடும்போது வெடித்தால் சூடான காருக்கடியில் பெற்றோல் பீய்ச்சும். இதைச் செய்தவர்களை மன்னிக்க முடியவில்லை.

ஹோஸைப் பம்போடு இணைக்கும், நடுவில் துளையுள்ள பான்ஜோ போல்ட்டில் பழைய செம்பு வொஷர்களையே போட்டு டெஃப்லோன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் துணுக்கு பில்டருக்கு அப்பால் உள்ள இணைப்பில் கழன்றால் நேரே சிலிண்டர்களுக்குப் பெற்றோலைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும், அதன் மயிரிழைத் துவாரங்கள் அடைபடும். பம்பை விடப் பல மடங்கு செலவு அது.

முறையான வேலை இப்படி: பற்றறியின் நெகட்டிவைக் கழற்றி, டாங்கி மூடியைத் திறந்து, துணி சுற்றிய இணைப்பை மெதுவாகத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கவேண்டும். டாங்கி ஹோஸைக் கவ்வியால் நசுக்கிப் பிடித்த பிறகே பம்பை இறக்கலாம். பான்ஜோவின் இரு பக்கமும் புது வொஷர். இறுக்கும்போது உள்ளே இருக்கும், பெற்றோல் திரும்பிவராமல் தடுக்கும் செக் வால்வை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்காவிட்டால் அதுவும் சேர்ந்து சுழலும். வயரில் பிளஸ், மைனஸ் மாறினால் பம்ப் பின்பக்கம் சுழலும், அழுத்தம் வராது. பில்டரையும் கட்டாயம் மாற்றுங்கள், டாங்கியில் துரு இருந்தால் அங்குள்ள வலைவடியான ஸ்ட்ரெய்னரையும்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் லைனில் அழுத்தம் நிற்கவேண்டும். அதை நிறுத்திவைப்பவை செக் வால்வும் அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் அக்குமிலேட்டரும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் பெற்றோல் சீக்கிரம் ஆவியாகும். ஏறி வந்து சற்று நிறுத்திய சூடான கார் திரும்ப ஸ்டார்ட் ஆக மறுத்தால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள். உடனே 'பம்ப் போய்விட்டது' என்று சொல்பவரை நம்பவேண்டாம்.

காசு கொடுப்பதற்கு முன் கழற்றிய பம்பைக் கேட்டு வாங்கி, பொறித்த இலக்கத்தைப் புதியதோடு ஒப்பிடுங்கள். பிறகு மிஞ்சிய பெற்றோலை டாங்கிக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனை ஒரு கலனுக்குள் விட்டு பம்பை ஓட்டச் சொல்லுங்கள்: 40 செக்கனில் குறைந்தது 1 லீட்டர் வரவேண்டும். மறுக்கிற கராஜில் காசைக் கொடுக்காதீர்கள்.