டூயல் மாஸா, சிங்கிள் மாஸா: கிளட்ச் மாற்றும்போது எந்த ஃப்ளைவீல்?

வேகமான காரில் கிளட்ச் வழுக்கி கியர்பாக்ஸை இறக்கிவிட்டால் டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுவோம். யோசிக்க வைப்பது ஃப்ளைவீல்தான், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும், கிளட்ச் பிடிக்கும் கனமான சக்கரம். கம்பெனி கொடுத்த டூயல் மாஸையே (நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டைத் தட்டு) புதிதாகப் போடுவதா, எடை குறைந்த சிங்கிள் மாஸுக்கு மாறுவதா? நான் டூயல் மாஸையே போட்டேன். அதே மாடலில் சிங்கிள் மாஸ் போட்ட நண்பரின் காரையும் நிறைய ஓட்டியிருக்கிறேன்.

சிங்கிள் மாஸ் ஒரே உலோகத் துண்டு. உள்ளே கெட்டுப்போக எதுவும் இல்லை, சூட்டில் நீலம் பாரித்தால் கடைந்து சமன் செய்து மறுபடி மாட்டலாம். டூயல் மாஸில் உள்ளே ஸ்பிரிங் போனால் பெரும்பாலும் முழுசாக மாற்றுவதுதான் வழி, விலையும் அதிகம். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் சிங்கிள் மாஸில் ஆர்பிஎம் பாய்வது நிஜமான சுகம். இவ்வளவு இருந்தும் நான் மாறாததற்குக் காரணம் சத்தம். காதுக்கு இதமில்லை என்பதற்காகச் சொல்லவில்லை, பழுது கண்டுபிடிப்பதற்காகச் சொல்கிறேன்.

எஞ்சின் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் ஒரு தள்ளு தள்ளுகிறது. டூயல் மாஸில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருக்கும் வளைந்த ஸ்பிரிங்குகள் அந்த உதறலை வாங்கிக்கொள்ளும். சிங்கிள் மாஸில் அதில் பெரும்பகுதி நேராக இன்புட் ஷாஃப்ட்டுக்கு, அதாவது கிளட்ச்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டுக்கு, போய்விடும். சுமை இல்லாத கியர் பற்கள் ஒன்றோடொன்று மோதி, டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் வரும். நியூட்ரலில் கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்தால் கேட்கும், மிதித்தால் நின்றுவிடும்.

இன்புட் ஷாஃப்ட் பேரிங் தேயும்போது வரும் அறிகுறியும் அச்சு அசல் இதேதான். கியர்பாக்ஸ் கெட ஆரம்பிக்கும்போது முதலில் கிடைக்கும் துப்பே சிங்கிள் மாஸில் மூடிப்போகிறது. நண்பரின் காரில் அதுதான் நடந்தது. சத்தம் மெல்லக் கூடிக்கொண்டே வந்தது, "இந்த ஃப்ளைவீல் என்றாலே இப்படித்தான்" என்று எல்லோரும் விட்டுவிட்டோம். கடைசியில் கியர் ஆயிலை வடித்தபோது, டிரெயின் பிளக்கின் காந்தத்தில் வழக்கமான சாம்பல் நிறப் பசையோடு ஊசி ஊசியாக உலோகச் செதில்கள் ஒட்டியிருந்தன. பேரிங் போயிருந்தது.

மற்ற சோதனைகள் இரண்டிலும் ஒன்றுதான். உயர்ந்த கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சின் ஓடும்போது எந்த கியரும் சரியாக விழாமல், அணைத்ததும் வழுவழுவென்று விழுந்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று பொருள். கியர்பாக்ஸைத் தொடும் முன், பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாகக் கிளட்ச்சுக்குக் கடத்தும் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்களைப் பாருங்கள், லைனில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கிளட்ச் பெடலை மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் முதல் சந்தேகம் ரிலீஸ் பேரிங் மேல்.

அப்புறம், லேசான ஃப்ளைவீல் சின்க்ரோவை (கியர் விழும் முன் வேகங்களை ஒன்றாக்கும் பாகம்) காப்பாற்றும் என்று ஒரு பேச்சு உண்டு. பெடலை மிதித்தபின் ஃப்ளைவீலுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே இல்லை. சின்க்ரோ வேகம் மாற்ற வேண்டியது கிளட்ச் டிஸ்க்கையும் அதோடு சுற்றும் ஷாஃப்ட், கியர்களையும்தான். சிங்கிள் மாஸோடு வரும் டிஸ்க்கின் நடுவில் பெரும்பாலும் ஸ்பிரிங்குகள் இருக்கும், அதனால் அது கனம். ஆக சின்க்ரோவுக்கு வேலை கூடத்தான் செய்யும்.

டூயல் மாஸில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். தேய்ந்தால் ஐடிலில் நடுங்கும், எஞ்சினை அணைக்கும்போது 'டங்' என்று இடிக்கும், உள்ளே கிரீஸ் தெறித்திருக்கும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கையால் திருப்பியும் ஆட்டியும் பார்த்து, கம்பெனி சொன்ன அளவைத் தாண்டினால் மாற்றிவிடுங்கள்.

என் அனுபவம் சாலையும் எப்போதாவது ஒரு டிராக் நாளும்தான். சக்தியை ஏகத்துக்கு ஏற்றி டிராக்கிலேயே ஓடும் காருக்கு சிங்கிள் மாஸ் சரியாக இருக்கலாம். போர்ஷேவே 997 தலைமுறை 911-இல் ஜிடி3 ஆர்எஸ்ஸுக்கு அதைத்தான் கொடுத்தது.

அப்படிப் போடுவதென்றால், மாட்டிய அன்றே ஆயில் சூடானபின் நியூட்ரலில் வரும் சத்தத்தை ஃபோனில் பதிந்து வையுங்கள், பின்னால் சத்தம் கூடியதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். சத்தத்தை அடக்க கெட்டியான ஆயில் ஊற்ற வேண்டாம். குளிரில் இரண்டாவது கியர் முரண்டு பிடித்தால், அது சின்க்ரோவா ஆயிலா என்ற இன்னொரு குழப்பம் வந்து சேரும்.