மதுரைக் கோட்டை நடைச் சுற்றுலா: வடையில் புரிந்த பாளையக் கணக்கு

ஞாயிறு காலை ஆறரைக்கு விளக்குத்தூண் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு வழிகாட்டி வந்து சேர்ந்தது ஏழேகாலுக்கு, அதுவும் மைக் இல்லாமல். ஆளுக்கு 400 ரூபாய் வாங்குகிறார்கள், இதையாவது சரிசெய்யலாம்.

ஆனால் மனுஷன் பேச ஆரம்பித்ததும் கோபம் போய்விட்டது. விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாதரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்ததைப் பள்ளியில் படித்திருக்கிறோம், கோட்டையின் 72 கொத்தளங்களும் ஆளுக்கு ஒன்றாகப் பாளையக்காரர்கள் பொறுப்பில் இருந்தன என்பது எனக்குப் புதுசு. டீக்கடையில் ஒரு மெதுவடையை மூன்றாகப் பிய்த்து வைத்தார்: வசூலில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒன்று கூப்பிட்டால் வர வேண்டிய படைக்கு, மிச்சம் பாளையக்காரருக்கு. ஐரோப்பாவில் பிரபு முன்னால் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவர் கைக்குள் வைத்துச் சத்தியம் செய்து நிலம் வாங்கியவர்கள் கதையும் கிட்டத்தட்ட இதுதான், நிலத்துக்குப் பதில் படை, என்றார். (படையின் பங்கை என் பையன் தின்றுவிட்டான்.)

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்துவிட்டார், நாங்கள் காத்திருந்த விளக்குத்தூணே அவர் நினைவாக வைத்ததுதானாம். மிஞ்சியிருப்பது பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் துண்டு, அதற்கு ஐந்து நிமிஷம்கூடக் கொடுக்காமல் நேரே ஜிகர்தண்டா கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சிவகங்கையும் ராமநாதபுரமும் 1803ல் ஜமீனான கதையைக் கேட்டதற்கு, "அது அடுத்த நடை சார்" என்கிறார்.

ஐந்துக்கு மூன்றரை. பெரியவர்களைக் கூட்டிப்போனால் தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும், இவர்கள் தருவதில்லை.